முதல் மலையேற்றம்: ஷூ தொடங்கிக் கயிறு வரை

புதிதாக மலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியைத்தான் பயணத்தின் முடிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நடையில் உச்சியில் உட்கார்ந்து, பாட்டிலில் இருந்த கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் குடித்துவிட்டு, வெயில் சாய்வதை ரசித்துக்கொண்டிருந்தேன். இனி இறங்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. கடைசி ஒரு மணி நேரம் கைபேசி வெளிச்சத்தில் தடவித் தடவி இறங்கினேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் அதிர்ஷ்டம்.

ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் ஏழு பேர் தொட்டது 1865 ஜூலை 14-ஆம் தேதி. இறங்கும்போது ஒருவர் கால் வழுக்கியது. ஒரே கயிற்றில் கூடக் கட்டியிருந்தவர்களையும் அவர் இழுத்துக்கொண்டு போனார், இடையில் கயிறு அறுந்தது, நான்கு பேர் இறந்தார்கள். ஏறி முடித்த களைப்பும், முடித்துவிட்டோம் என்ற நினைப்பும் சேர்ந்து வருகிற நேரம் இறக்கம்தான்.

எனவே எதைத் திட்டமிட்டாலும் மிச்சம் வைத்துத் திட்டமிடுங்கள். நேரத்தில் மிச்சம், தண்ணீரில் மிச்சம், கால் பலத்தில் மிச்சம். கீழே இருப்பதில் பாதி, அந்த மிச்சத்தை எப்படிச் சேர்ப்பது என்பதுதான்.

1. மலையைக் கடிகாரத்தோடு தேர்ந்தெடுங்கள்

"எத்தனை கிலோமீட்டர்?" என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை மீட்டர் ஏற்றம் என்பதையும் கேட்க வேண்டும். சமதளத்தில் 10 கிலோமீட்டர் நடப்பவர், 800 மீட்டர் ஏற்றத்தில் அதே தூரத்துக்குத் திணறிப்போவார்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். ஆனால் இது நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடக்கிற வேகம். புதியவர்கள் இதை ஒன்றரை மடங்காக்கி, ஓய்வு நேரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் ஐந்தரை மணி நேரமாகிவிடும். அதுதான் உண்மையான கணக்கு.

முதல் இரண்டு மூன்று நடைகளுக்கு, குறியிட்ட தெளிவான பாதை, 8 முதல் 10 கிலோமீட்டர் தூரம், 300 முதல் 500 மீட்டர் ஏற்றம் போதும். வனப்பகுதி என்றால் அனுமதி தேவையா, எந்த மாதங்களில் மூடியிருக்கும் என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

அடுத்து, திரும்பும் நேரம் ஒன்றை வீட்டிலேயே குறித்துவிடுங்கள். சூரியன் 6 மணிக்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணிக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும், இறங்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், பிற்பகல் 2 மணிக்கு நீங்கள் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்கு எதிரே நூறு மீட்டரில் இருந்தாலும் சரி. கேட்க எளிது, அந்த இடத்தில் நின்றுகொண்டு செய்வது கடினம். 1996 மே 10 அன்று எவரெஸ்டின் தென்புறத்தில் ஏறியவர்கள் மிகத் தாமதமான திரும்பும் நேரமாக நினைத்திருந்ததும் பிற்பகல் 2 மணிதான். அனுபவசாலிகளே அதைத் தாண்டி ஏறினார்கள். மாலையில் பனிப்புயல் வந்தது. மலையின் இரு பக்கமும் சேர்த்து எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். நேரத்தை மேலே போய் முடிவு செய்யாதீர்கள். அங்கே உங்களுக்காக யோசிப்பது ஆசைதான்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் மூன்று விஷயங்கள் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

2. உடம்பு

ஆறு முதல் எட்டு வாரம் இருந்தால் போதும். வாரம் மூன்று நாள் வேகநடை, ஒரு நாள் பையில் நான்கைந்து கிலோ எடையோடு மாடிப்படி. ஏறுவதைவிட இறங்குவதைக் கவனமாகச் செய்யுங்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அந்தப் பழக்கம் இல்லாத தசைதான் மறுநாள் நம்மைப் படியில் பின்னோக்கி இறங்க வைக்கிறது. இதய நோய், ஆஸ்துமா, முட்டித் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

3. காலணி: காசைச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம்

பை, ஜாக்கெட் எல்லாம் நண்பர்களிடம் இரவல் வாங்கலாம். ஷூவை மட்டும் இரவல் வாங்கக் கூடாது. இன்னொருவர் காலுக்குப் பழகிய ஷூ உங்கள் காலைக் கடிக்கும்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடைக்கு அணியப்போகிற அதே தடிமனான சாக்ஸைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நீளமான கால்விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சாய்வான பலகை இருந்தால் அதில் முகம் கீழ்நோக்கி நில்லுங்கள், இல்லாவிட்டால் படியில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி ஷூவின் மூக்கில் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். நான் முட்டியதை அலட்சியம் செய்து வாங்கிய ஒரு ஜோடி, ஒரே இறக்கத்தில் இரண்டு நகங்களைக் கறுப்பாக்கியது. அவை விழுந்து புதிதாக வளர மாதக்கணக்கானது.

கணுக்காலை மூடும் பூட்ஸா, தாழ்ந்த ஷூவா என்று ஓயாத விவாதம் உண்டு. என் கருத்து இது: நல்ல பாதையில், சிறிய பையோடு, ஒரு நாள் நடைக்குத் தாழ்ந்த ஷூ தாராளமாகப் போதும். எடை குறைவு, சீக்கிரம் காயும். கற்குவியல், சேறு, கனமான பை என்றால் உயரமான பூட்ஸுக்குப் போகலாம். எதுவானாலும் அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். உடற்பயிற்சிக்கூட ஷூவின் வழவழப்பான அடி, ஈரப்பாறையில் சோப்பு மாதிரி.

புது ஷூவை நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு வாரம் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடங்கள். இறக்கம் தொடங்குமுன் ஒரு முறை உட்கார்ந்து, குதிகாலை ஷூவின் பின்புறத்தில் நன்றாக அழுத்திக்கொண்டு, கணுக்கால் வளைவில் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். கால் முன்னால் சறுக்காது.

கொப்புளத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. தோல் ஓரிடத்தில் லேசாகச் சூடாகத் தோன்றுகிற அந்த நிமிடமே நின்றுவிடுங்கள். கூட்டத்தை நிறுத்தக் கூச்சப்படாதீர்கள். ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் மருத்துவ டேப் ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. "அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் நாள் முழுக்க நொண்ட வேண்டியதுதான்.

4. துணி

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 25 டிகிரி இருந்தால், 1,500 மீட்டர் மேலே 15-ஐ ஒட்டி இருக்கும். காற்று அடித்தால் அதைவிடக் குளிராகத் தோன்றும்.

இதற்கு ஒரு பெரிய தடித்த ஸ்வெட்டர் சரிப்படாது. மெல்லிய மூன்று அடுக்குகள் வேண்டும். உடம்போடு ஒட்டியது வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி. அதன் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் ஃப்ளீஸ் போன்ற ஒன்று. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். ஏறும்போது கழற்றி, நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்த்துக் கொட்டிய பிறகு கழற்றுவதைவிட, கிளம்பும்போதே லேசாகக் குளிர்கிற மாதிரி கிளம்புவது நல்லது. பத்து நிமிடத்தில் உடம்பு தானாகச் சூடாகிவிடும்.

பருத்தி பற்றி ஓர் எச்சரிக்கை. வெயிலில் அதைப்போல இதமான துணி கிடையாது. குளிரும் மழையும் உள்ள மலையில் அதுவே எதிரி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது, நனைந்தபின் சூட்டையும் காக்காது. ஜீன்ஸ் அதன் மோசமான வடிவம். நனைந்தால் கனக்கும், முட்டியை மடக்க விடாது.

5. பை

ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டர் பை போதும். இடுப்புப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், தோள்பட்டை பையைச் சாயாமல் பிடித்திருந்தால் போதும். கனமான பொருள்களை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வையுங்கள். அடியிலோ வெளிப்புறத்திலோ வைத்தால் பை பின்னால் இழுக்கும்.

உள்ளே என்ன வைப்பது? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள மவுண்டனியர்ஸ் என்ற மலையேற்றக் கழகம் 1930-களிலேயே தன் மாணவர்களுக்காகப் பத்து அவசியப் பொருள்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கியது. இன்றும் உலகெங்கும் அதைத்தான் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். வழி காட்டுவதற்கு, வெளிச்சத்துக்கு, வெயிலிலிருந்து காக்க, முதலுதவிக்கு, கத்தி, தீ மூட்ட, ஒதுங்க ஒரு மறைப்பு, கூடுதல் உணவு, கூடுதல் தண்ணீர், கூடுதல் துணி. கடைசி மூன்றிலும் "கூடுதல்" என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள்.

பட்டியலில் புதியவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வருவது தலைவிளக்கு. பகலில்தானே போகிறோம் என்று தோன்றும். கைபேசி வெளிச்சம் போதாது என்பதற்கு நானே சாட்சி. ஒரு கை அதிலேயே மாட்டிக்கொள்ளும், விழுந்தால் பிடிக்க அந்தக் கை இருக்காது, பேட்டரியும் கரையும். ஒரு விசிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொண்டை வற்றிய பிறகும் விசில் ஒலிக்கும். அப்புறம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, பைக்குள் எல்லாவற்றையும் நனையாமல் சுற்றி வைக்க. மழையுறையைவிட அது நம்பகமானது.

6. தண்ணீரும் சாப்பாடும்

மிதமான வெயிலில், மிதமான வேகத்தில், மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் வேண்டும். உச்சியில் நிற்கும்போது பாதித் தண்ணீராவது மீதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கிளம்பும்போதே குறைவாக எடுத்திருக்கிறீர்கள்.

வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்க்க நீரிழப்பு மாதிரியே இருப்பதால், கூட இருப்பவர்கள் மேலும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுப்பார்கள். நீண்ட நடையில் உப்புள்ள தின்பண்டமோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ இருக்கட்டும். தாகத்துக்குக் குடியுங்கள், போட்டிக்குக் குடிக்க வேண்டாம்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. மேலே எந்த விலங்கு செத்துக் கிடக்கிறதோ தெரியாது. குமிழி பொங்க ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், ஏனென்றால் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ இருந்தால் எளிது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. பசிக்குமுன் கொஞ்சம் கொஞ்சமாக, கொட்டைகள், உலர்பழம், சாக்லேட் என்று கொறித்துக்கொண்டே போங்கள்.

7. நடை

முதல் அரை மணி நேரத்தில் அவசரப்படுகிறவர்களைக் கடைசி அரை மணி நேரத்தில் பார்த்தால் பாவமாக இருக்கும். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கூட வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரி, போங்கள். சொல் சொல்லாக உடைந்தால் வேகம் அதிகம். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவானவரின் வேகம். அவரை முன்னால் விடுங்கள். அவரைப் பின்னால் விட்டுவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கினால் அவருக்கு ஓய்வே கிடைக்காது. இந்தத் தவறை நல்ல மனிதர்களும் செய்கிறார்கள்.

செங்குத்தான ஏற்றத்தில் அடியைச் சிறிதாக்குங்கள். ஒவ்வோர் அடியிலும் பின்காலை முழுதாக நிமிர்த்தி, ஒரு கணம் அதன் மேல் நின்று, அடுத்த காலை வையுங்கள். அந்த ஒரு கணம் எடை எலும்பில் இறங்கி, தசைக்கு ஓய்வு கிடைக்கும்.

இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கத் தோன்றும். சாய்த்தால் குதிகால் சறுக்கி, பின்புறம் தரையில் படும். முட்டியை லேசாக மடக்கி, எடையைக் காலுக்கு நேர் மேலே வைத்து, பூனை மாதிரி சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். ஊன்றுகோல் இருந்தால் முட்டிக்குப் பெரிய உதவி. சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் நிற்கிற நீளம் வையுங்கள், ஏற்றத்தில் கொஞ்சம் குறைத்து, இறக்கத்தில் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள்.

ஓடை குறுக்கிட்டால், முட்டிக்கு மேலே வேகமாக ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். கடக்கலாம் என்று தீர்மானித்தால், பையின் இடுப்புப் பட்டையை முதலில் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். ஓடை அகன்று விரிகிற இடத்தில் ஆழம் குறைவாக இருக்கும். குறுகலான இடம் கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் வேகமும் ஆழமும் அங்கேதான்.

8. வழி

கைபேசியின் ஜிபிஎஸ், சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளைட் மோடில் போட்டால் பேட்டரி வெகுநேரம் நிற்கும். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதால் உடம்பை ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள்.

காகித வரைபடத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் வளைந்து வளைந்து ஓடும் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெதுவான சரிவு. 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். போகும்போது அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது பாதை அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும், முன்பின் தெரியாத இடம் மாதிரி இருக்கும்.

வழி தவறியது போலத் தோன்றினால் நில்லுங்கள். உட்காருங்கள். ஏதாவது சாப்பிடுங்கள். பதற்றத்தில் கால் தானாக வேகமெடுக்கும், ஒவ்வோர் அடியும் உங்களைத் தேடுகிறவர்களிடமிருந்து விலக்கும். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அங்கே வந்த வழியிலேயே திரும்ப முடியுமா என்று யோசியுங்கள். முடியாவிட்டால் அங்கேயே இருங்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்பதை நம்பாதீர்கள், மலையோடைகள் அருவியில் கொண்டுபோய் நிறுத்தும்.

உதவிக்கு அழைக்க, ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி அல்லது விளக்கை அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி அதையே செய்யுங்கள். மலையில் இதுதான் சர்வதேச அபாய அடையாளம். வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவது வழக்கம். ஹெலிகாப்டர் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்து நின்றால் "உதவி வேண்டும்" என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". உற்சாகத்தில் ஒற்றைக் கையை ஆட்டிவிடாதீர்கள்.

9. வானமும் உயரமும்

மின்னலைக் கண்டதும் விநாடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும் என்பதால் இந்தக் கணக்கு. முகட்டிலிருந்தும் உச்சியிலிருந்தும் உடனே இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள், குழுவாக இருந்தால் தள்ளித் தள்ளி நில்லுங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருந்துதான் மறுபடி ஏற வேண்டும்.

குளிரில் உடல் சூடு குறைவதைப் பாதிக்கப்பட்டவர் உணர மாட்டார், கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். பேச்சு குழறும், கை பித்தான் போட மறுக்கும், நடை தடுமாறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். நன்றாகக் கலகலப்பாக வந்தவர் திடீரென்று மௌனமானாலே நின்று பாருங்கள். ஈரத் துணியை மாற்றி, காற்று படாமல் உட்கார வைத்து, தரைக்கும் அவருக்கும் இடையே பையையாவது போட்டு, இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கூடாது, அது தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்சூட்டை இழக்கச் செய்யும்.

2,500 மீட்டருக்கு மேல் போகிறீர்கள் என்றால் உயர நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது உயரத்தால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேலே ஏறக் கூடாது, குறையாவிட்டால் இறங்க வேண்டும். மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். உடல் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வலிமையானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வு. தடுப்பு மாத்திரை உண்டு, மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தரையில் கோடு கிழித்து, ஒரு காலின் குதியை மறு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார் என்றால் மூளையில் வீக்கம் இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிப்பவை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கீழே இறக்குங்கள்.

பாம்பு கடித்தால் வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடித்த பாகத்தை அசையாமல் வைத்து, சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

10. பாறை

கையையும் பயன்படுத்தி ஏற வேண்டும் என்று வரும்போது கதை வேறு. நடையில் தவறினால் பெரும்பாலும் சிராய்ப்பு. பாறையில் அப்படி இல்லை. ஆகவே தொடக்கம் உள்ளரங்கச் சுவரில் இருக்கட்டும்.

கயிறில்லாமல் நான்கு மீட்டர் அளவு உயரத்தில், கீழே தடித்த மெத்தை போட்டு ஏறுவது போல்டரிங். பழக எளிது, துணை வேண்டாம். முதல் பாடம் விழுவது. இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்றி, முட்டியை மடக்கி, பின்னால் உருளுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். மார்பில் கையைக் கட்டிக்கொண்டு விழப் பழகுங்கள். முடிந்தவரை குதிக்காமல் இறங்குங்கள்.

ஏறும்போது புதியவர்கள் கையால் தொங்கி, பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகி, "எனக்குப் பலம் போதாது" என்கிறார்கள். பலம் காலில் இருக்கிறது. ஏணியில் யாரும் கையால் இழுத்து ஏறுவதில்லையே. கையை நீட்டி வைத்து எலும்பில் தொங்குங்கள், கால் கட்டைவிரல் முனையைப் பிடிப்பின் மேல் கவனமாக வையுங்கள், வைத்த பிறகு அதை நம்பி எழுந்து நில்லுங்கள். ஏறுமுன் கீழே நின்று பாதையைக் கண்ணால் படியுங்கள். விரல் தசைநார்கள் தசையைவிட மெதுவாகவே வலுவடையும். முதல் ஓரிரு ஆண்டு விரலால் தொங்கும் பலகைப் பயிற்சியின் பக்கமே போகாதீர்கள்.

கடின அளவுகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்க முறையில் கயிற்றுப் பாதைகள் 5.0-இல் தொடங்கும். முதலில் 5.9-தான் எல்லை என்று வைத்தார்கள், ஏறுகிறவர்கள் அதைத் தாண்டியதும் 5.10 என்று ஒட்டினார்கள். எனவே 5.10 என்பது 5.9-ஐவிடக் கடினம், தசமக் கணக்கை மறந்துவிடுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் இடத்துக்கு இடம் கடினம் மாறும், அதை வைத்துத் தன்மதிப்பை அளக்காதீர்கள்.

கயிற்றோடு ஏறத் தொடங்குகிறவர்களுக்கு உகந்தது டாப் ரோப். கயிறு மேலே உள்ள பிடிமானம் வழியாக வந்து உங்களைப் பிடித்திருக்கும், விழுந்தால் சிறிது தொங்குவீர்கள். இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டிக்கொள்ளும் பட்டைகள்தான் ஹார்னஸ். அதன் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக இருக்க வேண்டும், தலைகீழானாலும் உருவிக்கொள்ளக் கூடாது. கயிற்றை ஹார்னஸில் கட்ட எட்டு வடிவ முடிச்சு. ஒற்றை எட்டைப் போட்டு, ஹார்னஸின் மேல் கீழ் இரு வளையங்களிலும் கயிற்றை நுழைத்து, வந்த வழியே எட்டைத் திரும்பப் பின்தொடர வேண்டும். கோடுகள் இரண்டிரண்டாக, குறுக்கிடாமல், இணையாக ஓடினால் முடிச்சு சரி. வால் ஒரு சாண் மிஞ்சட்டும்.

கீழே நின்று, ஹார்னஸில் மாட்டிய பிலே கருவி வழியாகக் கயிற்றைப் பிடிப்பவர் பிலேயர். அவருக்கு ஒரே சட்டம்: பிரேக் கை, அதாவது கருவியிலிருந்து வெளியே வரும் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கை, கயிற்றை விடவே கூடாது. மூக்கு அரித்தாலும் மறு கையால்தான். ஏறுகிறவர் கத்தும் "டேக்" என்றால் கயிற்றை இறுக்கு, "லோயர்" என்றால் இறக்கு. இருவரும் இதை ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள், நடுவில் வேறு பேச்சு வேண்டாம்.

ஏறுமுன் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். பார்த்தால் போதாது, தொட்டுப் பாருங்கள். ஹார்னஸின் கொக்கிகள், முடிச்சு, பிலே கருவியில் கயிறு போன திசை, அதை மாட்டும் உலோக வளையமான கராபினரின் பூட்டு, கயிற்றின் கடைசி முனையில் ஒரு முடிச்சு. கடைசி முடிச்சு எதற்கு என்றால், கயிறு நீளம் போதாமல் இறக்கும்போது முனை பிலே கருவியைத் தாண்டி உருவிக்கொண்டு போகாமல் இருக்க. புதியவர்களுக்குத்தான் இந்தச் சோதனை என்று நினைக்காதீர்கள். உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில் 1989-இல் பிரான்சின் பியூ என்ற இடத்தில், பழகிப்போன ஓர் எளிய பாதையில், முடிச்சை முடிக்காமலேயே ஏறிவிட்டார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்ததும் 20 மீட்டருக்கும் மேலே இருந்து விழுந்தார், இடையில் ஒரு மரம் தடுத்ததால் பிழைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1993-இல், அமெரிக்காவின் எல் காப்பிட்டான் பாறையின் நோஸ் பாதையை, கயிற்றை விழுந்தால் காக்க மட்டும் வைத்துக்கொண்டு, முதன்முதலாகக் கைகால் பிடிப்பை மட்டும் நம்பி ஏறி முடித்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கே முடிச்சு மறந்தது.

வெளியே, உண்மையான பாறைக்குப் போகும்போது தலைக்கவசம் கட்டாயம், பிலேயருக்கும்தான். கல் விழுந்தால் "கல்!" என்று உரக்கக் கத்துங்கள். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்காமல் சுவரை ஒட்டிக் குனிய வேண்டும். ஏறுவதற்கு நீளும் தன்மையுள்ள டைனமிக் கயிறுதான் வேண்டும், விழும் அதிர்ச்சியை அது உள்வாங்கும். நீளாத ஸ்டாட்டிக் கயிறு அந்த அதிர்ச்சியை அப்படியே உடம்புக்குக் கொடுக்கும். கயிற்றை மிதிக்காதீர்கள், மண் உள்ளே புகுந்து இழைகளை அறுக்கும். மேலே பிடிமானம் அமைப்பதை எழுத்தில் படித்தோ காணொளி பார்த்தோ கற்றுக்கொள்ள முடியாது. தேர்ந்த பயிற்றுநர் கூட இருந்து, நீங்கள் கட்டியதை அவர் சோதித்து, பலமுறை செய்த பிறகுதான் தனியாகச் செய்ய வேண்டும்.

11. திரும்பிய பிறகு

மலம் கழிக்க நேர்ந்தால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடிவிடுங்கள். காகிதத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள், பழத்தோலையும் கூட.

அடிவாரம் வந்ததும் முதல் வேலை, காலையில் சொல்லிவிட்டு வந்தவருக்கு ஒரு செய்தி அனுப்புவது. நீங்கள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போது மீட்புக்குழு இருட்டில் உங்களைத் தேடக் கூடாது. அடுத்து ஷூ. உள்தகட்டை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் வையுங்கள். அடுப்போரம் வைத்தால் பசை விட்டுப்போய் அடுத்த நடையில் அடிப்பகுதி தனியாகக் கழன்று வரும். கயிறு நனைந்திருந்தால் அதையும் வெயில் படாமல் உலர்த்துங்கள். காய்ந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கு இடையே மெதுவாக ஓடவிட்டு, எங்காவது மெத்தென்றோ தட்டையாகவோ தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் அந்தக் கயிறு இனி துணி காயப்போட மட்டும்.